கட்டிலில் செய்த பீடம்

ஆம்பூர்
14 ஜூலை 2024

அன்புத் தங்கை பிரிசிக்கு,

அண்ணன் ஜோவின் எழுதுகிறேன். நானும் அம்மாவும் நல்ல சுகம். அந்த மலைக் குளிரில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா? சிஸ்டராகப் பயிற்சி எடுக்கிற நவதுறவகத்தில் இந்த ஒரு வருடம் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்றதும் நான் பயந்துபோனேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டர்தான். ஆனால் இப்போது சொல்வதற்கு விஷயம் இருக்கிறது.

உன் அறையை ஜெப அறையாக மாற்ற வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். "எம் பொண்ணுக்காக வேண்டிக்க எனக்கு ஒரு இடம் வேணும்"னு சொல்லிவிட்டாள். பெயிண்டர், கொத்தனார் யாரும் வேண்டாம், நானே செய்கிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன். ஷூ பேக்டரியில் ஒன்பது வருடமாகத் தோல் வெட்டுகிறவனுக்கு ஒரு சுவரைச் சுரண்டத் தெரியாதா? செல்போனில் வீடியோ பார்த்தால் எல்லாம் வந்துவிடுகிறது.

முதல் ஞாயிறு பழைய பெயிண்டைச் சுரண்டினேன். பெயிண்டோடு சேர்ந்து பூச்சும் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு சிலை வைக்கப் பலகை மாட்டலாம் என்று டிரில்லிங் மெஷின் வாங்கி வந்து ஓட்டை போட்டேன். அது பக்கத்து வீட்டு அன்வரி பேகம் அக்காவின் சமையலறையில் போய் எட்டிப் பார்த்தது. "தம்பி, வாசல் வழியா வந்தா டீயே குடுப்பேனே" என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து சிமெண்ட் குழைத்து அடைத்துக் கொடுத்தேன்.

நம் பங்குக் கோயிலிலிருந்து போன முதல் சிஸ்டர் நீ. உன்னை மாலை போட்டு அனுப்பிய அன்று ஒட்டிய போஸ்டர் இன்னும் கோயில் சுவரில் இருக்கிறது. அடுத்த மே மாதம் நீ துறவியாக வாக்குக் கொடுக்கும் வார்த்தைப்பாட்டுக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருவார்களாம். அதற்குள் அறையை முடித்துவிடுவேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்,
ஜோவின்

*

நவதுறவகம், சிக்மகளூர் வட்டம்
2 ஆகஸ்ட் 2024

இயேசுவின் அன்பில் அண்ணனுக்கு,

நீங்கள் இருவரும் சுகம் என்று படித்ததும் நிம்மதி. நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது. எல்லாரும் நல்லவர்கள். இந்த மூன்றையும் அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டு.

நம் கடிதங்களை இங்கே யாரும் பிரித்துப் படிப்பதில்லை. எங்கள் பொறுப்பாளர் சிஸ்டர் லிடியா தபால்தலை மட்டும் தருவார், உறையை ஒட்டுவது நான்தான். அதனால் எதையும் எழுதலாம். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது.

இங்கே சேர்ந்த, என்னையும் சேர்த்து ஏழு பேரில் ரெஜினா என்று ஒருத்தி. இது தனக்கான வாழ்க்கை இல்லை என்று சொல்லிவிட்டுப் போன மாதம் வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அப்பாதான் கதவைத் திறக்கவில்லையாம். இரண்டு நாள் பக்கத்து வீட்டில் இருந்தாளாம். இதை உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தோட்டத்தில் களை பிடுங்கும்போதும், ஜெபத்திலும் அவள் நினைவாகவே இருக்கிறது.

அறையில் அவசரப்பட்டு எதுவும் செய்ய வேண்டாம் அண்ணா. கட்டில் அப்படியே இருக்கட்டும். யாராவது வந்தால் படுக்க வேண்டாமா?

அம்மாவுக்கு முத்தங்கள். உன் கையைக் கவனமாக வைத்துக்கொள்.

தங்கை,
பிரிஸ்கில்லா

*

ஆம்பூர்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பிரிசி,

நலம். நலம்தானே நீயும்? உன் கடிதத்தை அம்மா நாலு தடவை படிக்கச் சொன்னாள். அந்த மூன்று வரியை மட்டும்.

யாரும்மா நம் வீட்டுக்குப் படுக்க வருகிறார்கள்? உன் கடிதம் வருவதற்கு முன்பே கட்டில் பீடமாகிவிட்டது. நல்ல வேப்பமரம், வீணாகப் போகலாமா? நீளத்தைப் பாதியாக அறுத்து, காலைக் குறைத்து, மேலே பலகை அடித்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அந்தக் காலைக் கொஞ்சம் அறுத்தேன். இப்போது மறுபக்கம் சாய்ந்தது. அதையும் அறுத்தேன். இப்படியே போய்ப் பீடம் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. மண்டியிட்டால் சரியாக இருக்கிறது என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்து, தேவமாதா சிலைக்கு மாடம் ஆக்கிவிட்டேன். என் தோஸ்த் குர்ஷித் தெரியுமல்லவா, ஸ்டிச்சிங் செக்‌ஷனில் இருக்கிறானே, அவன்தான் ஞாயிறு தோறும் வந்து கலவை எடுத்துத் தருகிறான். வேலை நடுவில் டீ குடிக்கும்போது உன் கடிதத்தை அவனுக்கும் படித்துக் காட்டினேன்.

ரெஜினா கதை பாவம்தான். அவளை நினைத்து நீ மனசைக் குழப்பிக்கொள்ளாதே. உனக்கு அப்படி எதுவும் வராது. இங்கே என்னை இப்போது யாரும் ஜோவின் என்று கூப்பிடுவதில்லை, "சிஸ்டரோட அண்ணன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோயிலில் எனக்கு முன்வரிசையில் இடம் விடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஜோவின்

*

நவதுறவகம்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடவுள் அருளால் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். நானும் சுகம். கொஞ்சம் மெலிந்திருக்கிறேன். மலையில் எல்லாரும் மெலிவார்களாம், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஜன்னலையும் அடைத்துவிட்டாயா?

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. வார்த்தைப்பாடு யாரும் தாமாகக் கொடுத்துவிட மாட்டார்கள். ஜனவரி கடைசிக்குள் நாமே நம் கைப்பட விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். எனக்கு இந்த வாழ்க்கை வேண்டும், நான் சுதந்திரமாகக் கேட்கிறேன் என்று எழுத வேண்டும். மற்ற பெண்கள் இப்போதே வரைவு எழுதி வைத்திருக்கிறார்கள். நான் தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மா அந்த அறையில் உட்கார்ந்து என்ன வேண்டிக்கொள்கிறாள்? நான் நல்ல சிஸ்டராக வர வேண்டும் என்றுதானே?

தங்கை,
பிரிஸ்கில்லா

*

ஆம்பூர்
6 அக்டோபர் 2024

அன்புள்ள பிரிசி,

அம்மாவும் நானும் நலம். நீ மெலிந்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள், எழுத்து சின்னதாகியிருக்கிறதாம்.

அம்மா என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று கேட்டாய். உதடு அசைகிறது, சத்தம் வருவதில்லை. நீ சொன்னதாகத்தான் இருக்கும். வேறென்ன கேட்கப் போகிறாள்?

இப்போது நான் செய்திருக்கும் வேலையை நீ பார்த்தால் அசந்துபோவாய். பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கு டைல்ஸ் ஒட்டலாமா, வால்பேப்பர் ஒட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் இருந்துகொண்டு யாராவது காகிதம் ஒட்டுவார்களா? பேரணாம்பட்டில் ஒரு தோல் மண்டியில் ஒரு மூட்டை வெட்டுத்துண்டு வாங்கி வந்தேன். பழுப்பு, கறுப்பு, கொஞ்சம் வெள்ளை. எல்லாவற்றையும் ஒரே அளவில் டைமண்டாக வெட்டி, ஷூவுக்கு அடியில் ஒட்டுகிற அதே சொல்யூஷனால் ஒட்டிவிட்டேன். நடுவில் வெள்ளைத் தோலில் பெரிய சிலுவை. முன்னூற்று எண்பது துண்டு, ஒரு துண்டில்கூடப் பிசிறு கிடையாது. குர்ஷித்தே "சூப்பர்டா"ன்னுட்டான்.

வாசனை கொஞ்சம் ஜாஸ்தி. போகப் போகச் சரியாகிவிடும். அடுத்த மாதம் ஃபாதர் வந்து அறையை ஆசீர்வதித்து மந்திரிக்கிறார்.

விண்ணப்பத்துக்கு என்ன அவசரம், நல்ல தமிழில் பொறுமையாக எழுது.

உன்,
ஜோவின்

*

ஆம்பூர்
12 நவம்பர் 2024

அன்புள்ள பிரிசி,

சுகமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, பதில் இல்லை. தபால்காரரைப் பார்த்தாலே அம்மா வாசலுக்கு வந்துவிடுகிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு வரி எழுதிப் போடு.

இங்கே மானம் போன கதையைச் சொல்கிறேன், அதைப் படித்தாவது பதில் எழுது. பத்து நாளாக விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்தார், நம் தெரு அன்பியக் குழுவிலிருந்து இருபது பேர் வந்தார்கள். கதவைத் திறந்ததும் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வெள்ளைச் சிலுவை பச்சையாகிவிட்டது, அவ்வளவு பூஞ்சை. ஃபாதர் அதைக் கவனிக்காத மாதிரி ஜெபத்தைத் தொடங்கினார். தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார். மேல் வரிசை அப்படியே கழன்று வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு கீழ் வரிசைகளும் வந்தன. பாதிச் சுவர் ஃபாதர் தோளில் இருந்தது. அவர் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஜோவின், இது எந்த ஊருக்குப் போற ஷூ?" என்று கேட்டார்.

ஈரத்தில் சொல்யூஷன் நிற்காது என்று பேக்டரியில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் பாடம் எடுக்கிறேன். அந்த நான், பூச்சு காயாத சுவரில், இருக்கிற ஒரு ஜன்னலையும் அடைத்துவிட்டுத் தோல் ஒட்டியிருக்கிறேன். கேட்டால் சிரிப்பார்கள். கேட்டார்கள், செக்‌ஷன் முழுக்கச் சிரித்தார்கள்.

பதில் எழுது.

ஜோவின்

*

நவதுறவகம்
29 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று கடிதம் எழுதினேன், மூன்றையும் நானே கிழித்துவிட்டேன்.

உன் கடிதத்தை மாலைப் பொழுதுபோக்கு நேரத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஃபாதர் கேட்டதைப் படித்ததும் சிஸ்டர் லிடியா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், அப்புறம் அழுகை வந்துவிட்டது, எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன். இங்கே வந்ததிலிருந்து நான் அப்படிச் சிரித்ததில்லை.

இப்போது அந்தத் தோலையெல்லாம் பிரித்துவிட்டாயா? அறை காலியாக இருக்கிறதா? பாய் போட்டால் ஒரு ஆள் படுக்க இடம் இருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

மே மாதம் வருவதாகச் சொன்னவர்கள் இன்னும் பஸ் பேசிவிடவில்லையே?

தங்கை,
பிரிசி

*

ஆம்பூர்
15 டிசம்பர் 2024

அன்புள்ள பிரிசிக்கு,

நலம் விசாரிப்பதையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

சென்ற ஞாயிறு நானும் குர்ஷித்தும் சுவரில் ஒட்டியிருந்த சொல்யூஷனைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். டீ வந்தது, உன் கடிதத்தைப் படித்தேன். அவன் சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். "டேய், உன் தங்கச்சி மொதல்ல கட்டிலக் கேட்டா. அப்பறம் ஜன்னலக் கேட்டா. இப்ப பாய் போட எடம் கேக்குறா. அவ வூட்டுக்கு வர்றேன்னு எழுதிக்கினே இருக்கா, நீ இன்னாத்துக்கு அவ ரூமுக்குத் தோல் ஒட்டிக்கினு இருக்க?" என்றான்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்து முதலிலிருந்து படித்தேன். எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். நான் உன் கட்டிலை அறுத்துவிட்டு அதைப் பெருமையாக உனக்கே எழுதியிருக்கிறேன். முன்வரிசையில் உட்காருகிற ஆசை எனக்கு இருந்தது பிரிசி. அதனால்தான் புரியவில்லை. என்னை மன்னித்துவிடு.

நேராகவே கேட்கிறேன். அங்கே இருக்க உனக்கு இஷ்டமா? இஷ்டம் என்றால் சந்தோஷம், மே மாதம் வந்து நிற்கிறேன். இஷ்டமில்லை என்றால் அந்த விண்ணப்பத்தை எழுதாதே, வீட்டுக்கு வா. ஊர் என்ன பேசினாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். நம் வீட்டுக் கதவை யாரும் சாத்தமாட்டார்கள், நான் சாத்த விடமாட்டேன்.

ஜன்னலை இன்று காலை உடைத்துத் திறந்துவிட்டேன். பீடத்தை மறுபடி கட்டிலாக்க முடியாது, காலெல்லாம் போய்விட்டது. புதுக் கட்டிலுக்குச் சட்டம் வாங்கியிருக்கிறேன். எதற்கு என்று அம்மா கேட்டாள், சும்மா என்றேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளிடம் சொல்வதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன்,
ஜோவின்

*

நவதுறவகம்
27 ஜனவரி 2025

கிறிஸ்துவில் அன்புள்ள சகோதரர் ஜோவின் அவர்களுக்கு,

உங்களுக்கும் தாயாருக்கும் இறைவனின் சமாதானம். நான் சிஸ்டர் லிடியா. பிரிஸ்கில்லா கேட்டுக்கொண்டதால் அவளுக்குப் பதிலாக எழுதுகிறேன். அவள் நலமாக இருக்கிறாள்.

விண்ணப்பம் தர வேண்டிய நாளில் மற்றவர்கள் விண்ணப்பம் தந்தார்கள். பிரிஸ்கில்லா உங்கள் டிசம்பர் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். படித்துப் பாருங்கள் சிஸ்டர் என்றாள். படித்தேன். இந்த வாழ்க்கை அவளுக்கானது இல்லை என்று எனக்கு ஆகஸ்டிலேயே தோன்றியது. அதை அவளே சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் நவதுறவகம் என்று ஒன்று இருக்கிறது. அவள் எங்களைக் கண்டு பயப்படவில்லை, தாயாரின் முகத்தை நினைத்துத்தான் பயந்தாள். அன்று அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

பிப்ரவரி 15-ஆம் தேதி பெங்களூரு வரை எங்கள் சிஸ்டர் ஒருவர் துணைக்கு வருவார். அங்கிருந்து ரயில் ஏற்றிவிடுவார். ஆம்பூரில் இறங்கினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள், காட்பாடி வரை போய் இறங்கிக்கொள்கிறேன் என்கிறாள். தாயாரிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் கடிதங்கள் வராவிட்டால் எங்கள் மாலை நேரங்கள் மந்தமாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இறையன்பில்,
சிஸ்டர் லிடியா

*

ஆம்பூர்
5 பிப்ரவரி 2025

அன்புள்ள பிரிசி,

இது உன் கைக்கு வரும்போது நீ மூட்டை கட்டிக்கொண்டிருப்பாய். அங்கே எல்லாரும் சுகமா? சிஸ்டருக்கு என் வணக்கம் சொல்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சிஸ்டர் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எழுந்து ஜெப அறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரம். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது, நான் வெளியே நின்றேன். வந்தபோது முகமெல்லாம் வீங்கியிருந்தது. "எந்த ட்ரெய்னு?" என்று மட்டும் கேட்டாள். காட்பாடி விஷயத்தைச் சொன்னேன். "எதுக்கு? திருடிட்டா வர்றா? ஆம்பூர்லயே எறங்கச் சொல்லு" என்றாள். அதற்கப்புறம் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மனசு உடைந்துதான் போயிருப்பாள். நாள் ஆனால் ஆறிவிடும். நான் இருக்கிறேன். பயப்படாமல் வா.

ஜோவின்

*

ஆம்பூர்
2 மார்ச் 2025

என் அன்புக்குரிய சிஸ்டர் லிடியாவுக்கு,

இயேசுவுக்கு நன்றி. நான் சுகம். நீங்களும் என் ஐந்து தோழிகளும் சுகம்தானே? வந்து இரண்டு வாரமாகியும் எழுதாததற்கு மன்னியுங்கள். முதல் மூன்று நாள் தூங்கிக்கொண்டே இருந்தேன். அண்ணன் செய்த கட்டில் தலைமாட்டில் சரிகிறது, ஆனாலும் அப்படி ஒரு தூக்கம்.

ஆம்பூரிலேயே இறங்கினேன். அம்மா கோயிலுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். என் பையை வாங்கிக்கொண்டாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள், வீடு வரை விடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன்தான் பதில் சொன்னான். வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் சிஸ்டர், அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அந்த ஞாயிறு பூசைக்கு என்னை முன்வரிசையிலேயே உட்கார வைத்தாள். திரும்பிப் பார்த்தவர்களைத் தானும் பார்த்தாள், அவர்கள் திரும்பிக்கொண்டார்கள்.

நேற்று என்னால் முடியவில்லை. அண்ணன் பட்டி பார்த்த சுவருக்கு நானும் அவளும் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தோம். "அம்மா, இந்த அறையில உக்காந்து எனக்காக எவ்வளவு வேண்டியிருப்ப. எல்லாத்தையும் நான் வீணாக்கிட்டேன், என்ன மன்னிச்சிடு" என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அம்மா பதறிப்போய் என்னைத் தூக்கினாள். தலையெல்லாம் வெள்ளைப் பொடி. அப்புறம், யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போல அண்ணன் இருக்கிற பக்கம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நீ திரும்பி வரணும்னுதாண்டி வேண்டிக்கினேன். மொத நாள்ல இருந்து. கடவுளுக்குக் குடுத்த பொண்ண திருப்பிக் கேக்குறது பாவமாச்சேன்னு ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம்கூடப் பண்ணேன். அவரு பிராயச்சித்தமா பத்து தடவ அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னாரு. அந்தப் பத்தையும் நீ வரணும்னேதான் சொன்னேன்."

இரண்டு பேரும் அண்ணன் அன்று காலை பட்டி பூசிய எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதோம், சிரித்தோம். எது எப்போது என்று தெரியவில்லை. அண்ணன் வந்து பார்த்துவிட்டு, சுவர் இன்னும் காயவில்லை, எழுந்திருங்கள் என்று சத்தம் போட்டான்.

அந்தப் பத்தும் செல்லுமா, இல்லை மறுபடி சொல்ல வேண்டுமா என்று உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னாள் அம்மா. பதில் போடுங்கள் சிஸ்டர்.

என்றும் உங்கள்,
பிரிஸ்கில்லா